நாட்டுச் சுரை விதை மூணாவது வருஷம் ஏன் மாறுது? விதையை எப்படிக் காப்பாத்திப் பகிர்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. போன வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல இன்னைக்கு ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறேன். ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "எங்க மாடித்தோட்டக் குழுவுல 15 பேர். சட்டிச் சுரை விதையை எல்லாரும் பகிர்ந்துக்கிட்டோம். ரெண்டு வருஷம் நல்லா குண்டு குண்டா காய்ச்சுது. மூணாவது வருஷம் ஒரு வீட்ல நீளமா வருது, இன்னொரு வீட்ல கழுத்து வச்சு வருது, ஒரு கொடியில காய் கசக்குது. மண்ணு சரியில்லையா, உரம் சரியில்லையா?"

அக்கா, மொதல்ல அந்தக் கசப்புக் காய். அதைச் சமைக்கவே வேண்டாம், கொடியோட எடுத்துடுங்க. சுரைக்காய் கசந்தா அதுல குக்கர்பிட்டசின்ங்கிற நச்சு ஏறியிருக்குன்னு அர்த்தம். வேகவச்சாலும் அது போகாது. வாந்தி, ரத்த வாந்தி வரைக்கும் கொண்டுபோகும். ஜூஸா குடிக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க: சுரைக்காய் நறுக்கினதும் நாக்கு நுனியில ஒரு துணுக்கு வச்சுப் பாத்து, கசந்தா துப்பிட்டு, காயைக் குழியில போட்டுடணும்.

இப்ப காரணத்துக்கு வருவோம். மண்ணும் இல்ல, உரமும் இல்ல. மகரந்தம் கலந்திருக்கு. சுரையில ஆண் பூ தனி, பெண் பூ தனி. சாயங்காலம் விரியுற வெள்ளைப் பூ, ராத்திரி அந்துப்பூச்சியும் காலையில தேனீயும் வந்து போகும். சட்டிச் சுரை, நீளச் சுரை, வாத்துச் சுரை, கசக்குற குடுவைச் சுரை எல்லாமே ஒரே இனம். பக்கத்துத் தெருவுல நீளச் சுரை இருந்தாலே போதும். விதைச் சான்றளிப்புல சுரை மாதிரிக் கொடிக் காய்களுக்கு, சான்று விதைன்னா 500 மீட்டர், அந்தச் சான்று விதையைப் பெருக்குறதுக்கான ஆதார விதைன்னா 1000 மீட்டர் இடைவெளி கேக்குறாங்க. மாடியில அதுக்கு எங்க போறது?

இதுல ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு. கலப்பு நடந்த வருஷம் காயைப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. காயோட ஓடும் சதையும் தாய்க் கொடியோடது, அதனால அது அச்சு அசல் சட்டிச் சுரையாத்தான் இருக்கும். கலந்தது உள்ள இருக்கிற விதை. அதைப் போட்டு அடுத்த கொடி காய்க்கும்போதுதான் நீளம், கழுத்து, கசப்பு எல்லாம் வெளிய வரும். "காய் நல்லாத்தானே இருந்துச்சு, அதுல எடுத்த விதைதானே"ன்னு சொல்லிப் பகிர்றப்போ கலப்பு விதைதான் 15 வீட்டுக்கும் போகுது. அதனால விதைக்காய்க்கு நம்மளே கையால மகரந்தம் சேர்க்கணும். வேற வழி கிடையாது.

எப்படின்னு சொல்றேன். சாயங்காலம் 4 மணி வாக்குல கொடியைப் பாருங்க. அன்னைக்கு விரியப் போற மொக்கு நீண்டு, நுனியில வெள்ளை எட்டிப் பாக்கும். காம்பு நீளமா இருந்தா ஆண், மொக்குக்குக் கீழ பிஞ்சு இருந்தா பெண். பெண் மொக்குக்கு மெல்லிசான துணிப்பை ஒண்ணு மாட்டி, வாயைத் தளர்வா கட்டுங்க, எறும்பு நுழையாத அளவுக்கு இருந்தா போதும். ஆண் மொக்குலயும் ரெண்டு மூணுக்கு அதே மாதிரி. ஆண் பூ வேற கொடியில இருந்து வர்றது நல்லது. ஆனா அந்தக் கொடியும் அதே விதையில வந்ததா இருக்கணும். பூ விரிஞ்சதும், அன்னைக்குச் சாயங்காலமே 6 மணியில இருந்து 8 மணிக்குள்ள, ஆண் பூவைப் பறிச்சு, இதழைப் பின்னால மடக்கி, நடுவுல இருக்கிற மகரந்தத்தைப் பெண் பூவோட சூல்முடி மேல மெதுவா தடவுங்க. சூல்முடி மூணு மடலா, கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கும், மூணு மடல்லயும் படணும். ஒரு பெண் பூவுக்கு ரெண்டு ஆண் பூ வச்சுக்கோங்க. உடனே பையைத் திரும்ப மாட்டிடுங்க. விடியற வரைக்கும் பூ திறந்திருக்கும், பையை மறந்தா காலையில தேனீ வந்து வேலையைக் கெடுத்துடும். இதழ் வாடி விழுந்தப்புறம் பையை எடுத்துட்டு, காம்புல சிவப்பு நூல் தளர்வா கட்டுங்க. இறுக்கிக் கட்டினா காம்பு பருக்கும்போது நூல் வெட்டிடும்.

பிஞ்சு மஞ்சளாகி விழுந்தா, பல நேரம் கொடியில ஏற்கனவே வேற காய் இருக்கிறதுதான் காரணம். அதைச் சமையலுக்குப் பறிச்சுட்டு மறுபடி சேருங்க. மழை பேஞ்சு மகரந்தம் நனைஞ்சாலும் பிடிக்காது. ஒரு கொடிக்கு ஒரு விதைக்காய், மிஞ்சினா ரெண்டு.

அடுத்த தப்பு, குழுவுக்குள்ள பரவலா நடக்குறது: இருக்கிறதுலயே பெரிய காய் ஒண்ணுல இருந்து மட்டும் விதை எடுக்குறது. நாட்டு ரகம்னா அதுக்குள்ளயே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒரு கொடி முன்னாடி காய்க்கும், ஒண்ணு வெயில் தாங்கும், ஒண்ணுக்குச் சாம்பல் நோய் லேசா வந்துட்டுப் போயிடும். ஒரே காயில இருந்து எடுத்தா அந்தக் குணங்கள்ல பாதி அங்கேயே நின்னு போயிடும். சுரைக்குக் குறைஞ்சது 6 கொடி, முடிஞ்சா 10, 12. ஒவ்வொண்ணுலயும் ஒரு காய் எடுத்து, விதையைச் சம அளவுல கலக்கணும். ஒரு மாடியில 6 கொடி ஏத்த முடியாதுதான். அதனால 15 பேரும் 15 ரகம் வளக்காதீங்க. மூணு பேர் சேர்ந்து ஒரு ரகத்தைப் பொறுப்பெடுத்து, ஆளுக்கு ரெண்டு மூணு கொடி விடுங்க. பை மாட்டின ஆண் மொக்கைச் சாயங்காலம் 5 மணிக்கு மூடின டப்பாவுல வச்சு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்கலாம். கம்பு மாதிரி காத்துல மகரந்தம் பறக்குற பயிருக்கு நூறு செடிக்கு மேல வேணும், அது மாடி வேலை இல்ல, வயல் வச்சிருக்கிறவங்க பாத்துக்கட்டும்.

இலையில பச்சையும் மஞ்சளுமா தேமல் விழுந்து சுருங்கின கொடியில விதை எடுக்கவே கூடாது. சில தேமல் வைரஸ் விதை வழியாவே போகும். நல்லது பண்றதா நினைச்சு நோயைத் தபால்ல அனுப்பின கதையாயிடும்.

காய் கொடியிலயே முத்தி, ஓடு நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாகணும். அவசரப்பட்டு அறுத்தா விதை வெள்ளையா, சப்பையா இருக்கும். அறுத்தப்புறமும் ரெண்டு மூணு வாரம் நிழல்ல போட்டு வச்சு உடைங்க. விதையைக் காலை வெயில்ல 10 மணி வரைக்கும், அப்புறம் நிழல்ல, ஒரு வாரம் பத்து நாள் காய வைங்க. உச்சி வெயில்ல, தகரத்து மேல, சிமெண்ட் தரையில போட்டா கரு செத்துடும். நல்லா காய்ஞ்ச விதையை வளைச்சா படக்குன்னு உடையும், வளைஞ்சு கொடுத்தா ஈரம் இருக்கு.

அப்புறம் கண்ணாடி பாட்டில்ல, விதையோட எடைக்குச் சமமா, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லைத் துணியில முடிஞ்சு போட்டு, ஒரு வாரம் இறுக்கி மூடி வைங்க. விதையில ஈரப்பதம் 1 சதவீதம் குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு, வெப்பம் 5 டிகிரி குறைஞ்சாலும் ரெண்டு மடங்குன்னு ஒரு கணக்கு இருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் இது ரொம்ப முக்கியம். பிரிட்ஜுல வச்சா, வெளிய எடுத்த உடனே திறக்காதீங்க. ராத்திரி முழுக்க வெளிய இருந்து, பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க. இல்லன்னா காத்துல இருக்கிற ஈரம் விதை மேல வேர்த்துடும்.

பகிர்றதுக்கு முன்னாடி 20 விதையை ஈரத் துணியில சுத்தி, 14 நாள் வரைக்கும் முளைப்புப் பாருங்க. இருபதுல 14 விதைக்குக் கீழ முளைச்சா அந்த விதையைப் பகிர வேண்டாம், நீங்களே போட்டுப் புது விதை எடுங்க. இருக்கிறதை மூணாப் பிரிச்சு, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற உறுப்பினர்கிட்ட, மூணாவது பங்கை மட்டும் பகிருங்க. கவர்ல ரகத்தோட பேர் மட்டும் எழுதினா போதாது. எந்த ஊர் விதை, எந்த மாசம் எந்த வருஷம் எடுத்தது, எத்தனை கொடியில இருந்து, கையால சேத்ததா, தானா காய்ச்சதா, காயோட வடிவம், கசப்பு பாத்தீங்களா, இத்தனையும் வேணும். "தானா காய்ச்சது"ன்னு உண்மையை எழுதிக் கொடுத்தா வாங்குறவங்க சமையலுக்கு வச்சுப்பாங்க, விதைக்கு விட மாட்டாங்க. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ நெல் கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோ திருப்பி வாங்கினார். உங்க குழுவுக்கும் அது பொருந்தும்: 10 விதை வாங்கினவங்க, கையால சேத்த 20 விதை திருப்பித் தரணும்.

சட்டப்படி பகிரலாமான்னு கூடவே ஒருத்தர் கேட்டிருக்காங்க. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 39-வது பிரிவுப்படி விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாத்திக்கலாம், பகிரலாம், விக்கலாம். பதிவான ரகத்தை பிராண்ட் போட்டு விக்கத்தான் கூடாது.

இப்ப உங்ககிட்ட இருக்கிற கலந்த விதையை என்ன பண்றதுன்னா, அதை யாருக்கும் கொடுக்காதீங்க அக்கா. அதுலயே குண்டுக் காயாப் பொறுக்கிச் சரிபண்ணப் பாத்தா பல வருஷம் ஆகும், கசப்பு எப்ப திரும்ப வரும்னும் சொல்ல முடியாது. உங்களுக்கு முதல்ல கொடுத்தவங்ககிட்ட பழைய விதை மிச்சம் இருக்கான்னு கேளுங்க. நல்லா காய்ஞ்ச சுரை விதை 4, 5 வருஷம் தாங்கும். அவங்ககிட்ட இருந்தா 10 விதை வாங்கி, ஆடிப் பட்டத்துல ஊனி, முதல் பூவுல இருந்தே பை மாட்ட ஆரம்பிங்க.