சென்னைக்குப் போய் இளம்பிள்ளைப் புடவை வாங்காதீர்கள்

(சேலம் அம்மாப்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் செல்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்னையைச் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சென்னை புதிதா என்ன? வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் போதும், ஏற்காடு எக்ஸ்பிரசில் டிக்கெட் போட்டாகிவிடும். விடியும் முன்பே சென்ட்ரலில் இறங்கி, குளிக்க இடம் தேடி, கடை திறக்கும் நேரத்துக்குத் தியாகராய நகர் போய்ச் சேர்ந்தால், கடை மூடும் வரை அங்கேதான். திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் மாடிக் கணக்குச் சொல்கிறார்கள். இந்தக் கடை ஐந்து மாடி, அந்தக் கடை ஏழு மாடி. கடல் பார்த்தீர்களா என்றால், நேரமில்லையாம்.

அந்த நேரத்தை எங்கே தொலைக்கிறோம் என்பதுதான் இன்று என் பேச்சு.

ஒருமுறை உஸ்மான் சாலைக் கடையொன்றுக்கு என் சித்தி மகளோடு போயிருந்தேன். தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். விற்பனையாளர் ஒரு புடவையை உதறி விரித்தார், "நேரே காஞ்சிபுரத்துச் சரக்கம்மா" என்றார். இவள் நிறத்தைப் பார்க்கவில்லை, விலையைப் பார்க்கவில்லை. முந்தானையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள், இரண்டு விரலால் கரையைத் தேய்த்தாள், மடித்து வைத்துவிட்டாள். "அண்ணா, இது இளம்பிள்ளை. தறி போட்ட வீட்டைக்கூடச் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது" என்று என் காதில் சொன்னாள். இளம்பிள்ளை நம் பக்கத்து நெசவூர். விற்பனையாளர் முகம் மாறவேயில்லை, அடுத்த புடவையை உதறினார்.

கடைக்காரரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நம் சரக்கு அங்கே போகத்தான் செய்யும், போனால்தான் இங்கே தறி ஓடும். நாமும் பின்னாலேயே ரயில் ஏறிப் போய், லாரி வாடகையும் மாடி வாடகையும் குளிர்சாதனச் செலவும் சேர்ந்த விலைக்கு அதையே வாங்கி வருவானேன்? தறியிலிருந்து இறங்கும் இடம் நமக்குப் பக்கத்தில். கொலுசும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகு ஏற்றிப் பல ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள். மாப்பிள்ளை வேட்டிக்குச் சேலம் வெண்பட்டு இருக்கிறது, புவிசார் குறியீடே பெற்றது. சென்னை உறவினர் வீட்டுக்குப் போகும்போது மாம்பழக் கூடையைத் தூக்கிப் போகத் தெரிந்த நமக்கு இதுமட்டும் ஏன் தெரியவில்லை?

தெரிவு செய்ய நிறைய இருக்கும் என்பீர்கள். உண்மைதான். காஞ்சி, ஆரணி, பனாரஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி தறிக்காரர் வீட்டில் கிடைக்காது. முகூர்த்தப் புடவை ஒன்றை அங்கே எடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஒரு காலைப் பொழுது அதற்குப் போதும். மற்றவற்றுக்கெல்லாம் ரங்கநாதன் தெருவில் நசுங்க வேண்டாம்.

மிச்சமாகும் நேரத்தில் கடைகளையே பார்க்க ஆசையென்றால் பாரிமுனைக்குப் போங்கள். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், உயர் நீதிமன்றம். 1892இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தை முதலில் தலை நிமிர்ந்து பாருங்கள். உயரமான கோபுரம்தான் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம். நீதிமன்றத்தின் தலையில் விளக்கை ஏற்றிக் கப்பலுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். உள்ளே நடக்கும் வழக்குகளுக்கு அந்த வெளிச்சம் எட்டியதா என்று வக்கீல் நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

எதிரே இறங்கினால் தெருவுக்கு ஒரு தொழில். கோடவுன் தெருவில் துணி மூட்டைகள். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். அங்கே போய் ஒரு கட்டு அட்டையை விரித்துப் பிடித்து, மஞ்சள் தடவ எந்த ஓரம் தாங்கும் என்று கடைக்காரரிடமே கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார். ராசப்ப செட்டி தெருவுக்கு வழி கேட்கவே வேண்டாம், மூக்கு கொண்டுபோய் விட்டுவிடும். சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம், வசம்பு என்று நாட்டு மருந்துச் சரக்கு சாக்குச் சாக்காக வாசலில் திறந்து கிடக்கும். பாட்டி சொல்லிக் கேட்ட பெயர்களைப் பேரப் பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கலாம். காசு கொடுத்து நுழையும் எந்தப் பொருட்காட்சியிலும் இது கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

பசித்தால் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார் பக்கம் நடந்துவிடுங்கள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்களுக்காக ஏற்பட்ட கடைவீதி அது. பக்கத்துத் தெருக்களில் மாலையானால் அத்தோ வண்டிகள் வந்து நிற்கும். மஞ்சள் நூடுல்ஸ், சீவிய கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஆவி பறக்கும் வாழைத்தண்டு சூப். நம் தெருமுனையில் தட்டுவடை செட் அடுக்குகிறவரின் விரல் வேகம்தான் அங்கேயும். புளிப்பும் உறைப்பும் நம் நாக்குக்கு ஒத்துவரும்.

இனி எழும்பூர். சென்ட்ரலிலிருந்து அதுவும் மெட்ரோவில் ஒரே நிறுத்தம். அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். வளாகம் பெரியது, எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது. செப்புத் திருமேனிக் கூடத்துக்கு நேரே போய்விடுங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டுத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைத் தேடுங்கள். திருச்செங்கோட்டு மலையேறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கருவறையில் அலங்காரத்தோடு, சில நொடிகள்தான் பார்க்கக் கிடைக்கும். எழும்பூரில் சோழர் காலத்துச் சிற்பி வார்த்ததைச் சுற்றி நின்று பார்க்கலாம். ஒரு பக்கத்து இடுப்பு நேராக இறங்குகிறது, மறுபக்கத்து இடுப்பு வளைகிறது. இரண்டும் சேரும் நடுக்கோடு எங்கே என்று எவ்வளவு தேடினாலும் அகப்படாது. என் மாணவர்களை அங்கே கூட்டிப் போனபோதெல்லாம் விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒதுங்கி நின்றுகொள்வேன்.

சென்ட்ரல் பக்கம் வந்தால் தீவுத்திடலருகே நடுச்சாலையில் குதிரைமேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சர் தாமஸ் மன்றோ. பஸ்ஸில் போகிறவர்கள் சேணம் இல்லை, கால் வைக்கும் அங்கவடி இல்லை என்று குதிரையைத்தான் பேசுவார்கள். ஆள் நமக்கு வேண்டியவர். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமான பாரமகாலும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனபோது, இங்கே நிர்வாகம் பார்க்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்தவர். 1799 வரை நம் பக்கத்திலேயே, பெரும்பாலும் தருமபுரியில், நிலத்தை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்தார். குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் பழகினார்கள், பிறகுதான் மாகாணம் முழுக்கப் போனது. மன்றோ ஆளுநரானார், 1827இல் காலராவில் இறந்தார், 1839இல் சிலையானார். நம் பாட்டன் பூட்டன் கட்டிய வரிக்கும் அந்தச் சிலைக்கும் உறவு உண்டு. நன்றி சொல்வதா, கணக்குக் கேட்பதா என்பதை அவரவர் பட்டாவைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

மெரினாவைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை. மதியத்தில் போகாதீர்கள், மணல் சுடும். நாம் மலையடிவாரத்துக்காரர்கள், மேட்டூர் அணைத் தண்ணீர்தான் நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர். முழங்கால் நனைந்ததும் தைரியம் வந்துவிடுகிறது. அங்கே அடியில் இழுவை அதிகம், ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கடல் கொண்டுபோகிறது. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காவலர் விசில் ஊதினால் வாதாடாதீர்கள். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை அங்கேயே சூடாகத் தின்றுவிடுங்கள். கட்டி எடுத்து வந்தால் ருசி இருக்காது.

கடைசியாகத் திரும்பும் வழி. உளுந்தூர்பேட்டை வழியாக வரும் சேலம் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன. பழைய ஞாபகத்தில் மூட்டை முடிச்சோடு கோயம்பேட்டில் போய் நிற்காதீர்கள். தாம்பரம் வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிப்பது நல்லது. சாலை நெரிசலில் ஆட்டோவை நம்பி ஏறினால் வண்டியையும் தவறவிடுவீர்கள், புடவையில் மிச்சம் பிடித்த பணமும் போய்விடும். கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.