பத்தி முழுவதையும் படிக்காமலே விடை காண மாணவர்களைப் பழக்குவது எப்படி? – ஓர் ஆசிரியரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சென்ற காணொளிக்குப் பிறகு அனுப்பியிருந்த கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "பத்தியைக் கொடுத்தால் மாணவர்கள் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒரே சீராகப் படிக்கிறார்கள், நேரம் போய்விடுகிறது. ஸ்கிம்மிங் செய்யுங்கள் என்றால் வேகமாகப் படிக்கிறார்கள். ஆனால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. ஸ்கிம்மிங், ஸ்கேனிங் இரண்டையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

ஸ்கிம்மிங் என்றால் வேகமாகப் படிப்பது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வதுதான் இங்கே சிக்கல். இரண்டுமே, எதைப் படிக்காமல் விடலாம் என்று முடிவெடுக்கும் திறன்கள். ஸ்கிம்மிங்கில், அதாவது மேலோட்டமாகப் பார்க்கும்போது, பத்தி எதைப் பற்றியது, எந்தச் செய்தி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஸ்கேனிங்கில், அதாவது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் படிக்கும்போது, கேட்ட ஆண்டோ பெயரோ தொகையோ கிடைத்தவுடன் நிறுத்திவிடலாம். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தவுடன் தம் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்க்கும் உறவினர் முகூர்த்த நேரத்தைக்கூடப் படிப்பதில்லை. அவருக்கு யாரும் ஸ்கேனிங் கற்றுத் தரவும் இல்லை. ஆனால் ஒரு வரியும் விடாமல் படித்தால்தான் படித்ததாகும் என்று முதல் வகுப்பிலிருந்து பழகிய பிள்ளைக்கு, பாடத்தில் ஒரு வரியை விடுவது தவறு செய்வது போலவே தோன்றும். விடலாம் என்ற அனுமதியை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டில் ஸ்கேனிங்கை முதலில் தொடங்குங்கள். அது எளிது, விளைவும் உடனே தெரியும். பாம்பன் பாலத்தைப் பற்றி நான்கு பத்திகள் கொண்ட ஓர் ஆங்கிலக் கட்டுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1914-இல் ரயில் பாலம் திறக்கப்பட்டது முதல் பத்தி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து பாலமும் சேதமுற்றது இரண்டாவது. கப்பல்கள் கடக்கும்போது பாலத்தின் நடுப்பகுதி இரு பக்கமும் திறந்துகொண்ட முறை மூன்றாவது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் வரை உயரும் புதிய பாலம் நான்காவது. தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, "எந்த ஆண்டுப் புயலில் பாலம் சேதமடைந்தது?" என்ற வினாவைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தாளைத் திருப்புவதற்கு முன், "விடை பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். நான்கு இலக்க எண் என்று வகுப்பே சொல்லிவிடும். அதன் பிறகு தாளைத் திருப்பி, விரலை வரிக்குக் கீழே இடமிருந்து வலமாக ஓட்டாமல், பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக இறக்கச் சொல்லுங்கள். உதடு அசையக் கூடாது. அசைந்தால் அந்த மாணவர் வரிவரியாகப் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று அறிந்துகொள்ளலாம்.

முதலில் கண்ணில் படும் 1914-ஐப் பலர் விடையாகச் சொல்வார்கள். கட்டுரையில் மூன்று ஆண்டுகள் இருப்பதால் இப்படி நடக்கும். நடக்கட்டும் என்றுதான் அந்த வினாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணைக் கண்டவுடன் நின்று, அந்த எண் இருக்கும் வாக்கியத்தையும் அதற்கு முந்தைய வாக்கியத்தையும் மட்டும் நிதானமாக, முழுமையாகப் படிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அங்கேதான் ஊன்ற முடியும். தேடுவது ஓட்டமாக இருக்கலாம். சரிபார்ப்பது நடையாகத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பல பயிற்சி வகுப்புகள் விட்டுவிடுகின்றன. அடுத்த கட்டத்தில், வினாவில் 'ஸ்டார்ம்' என்றும் கட்டுரையில் 'சைக்ளோன்' என்றும் சொல் மாறி வரும்படி வினாக்களை அமையுங்கள். தேடுவதற்கு முன்பே இதே பொருளில் வேறு என்னென்ன சொற்கள் வரக்கூடும் என்று மாணவர்கள் ஊகித்துச் சொல்லட்டும்.

ஸ்கிம்மிங்குக்கும் அதே கட்டுரை போதும். தலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம், கடைசிப் பத்தி ஆகியவற்றை மட்டும் படித்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் இரண்டு சொற்களில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. பிறகு விடையைக் கேட்காமல், "இந்த வினாவுக்கான விடை எந்தப் பத்தியில் இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பத்தியைச் சரியாகச் சுட்டினால் ஸ்கிம்மிங் கைவந்துவிட்டது என்று பொருள். முதல் வாக்கியத்தை நம்பும் இந்த முறை தகவல் கட்டுரைகளுக்குத்தான் பொருந்தும். கதைப் பகுதியில் யார், எங்கே, என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். கவிதைக்கு இரண்டுமே வேண்டாம்.

தமிழாசிரியர்களும் இதைப் பார்க்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்குவதால் கண்ணுக்கு எளிதில் அகப்படும்; தமிழில் அந்த வசதி இல்லை. மேலும், 'பாலம்' என்று தேடும் மாணவருக்கு 'பாலத்தை', 'பாலத்தின்' என்றுதான் கிடைக்கும். ஆகவே சொல்லின் முன்பகுதியை மட்டும் மனத்தில் வைத்துத் தேடப் பழக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் முடிவு கடைசியில் வருகிறது என்பதும் முக்கியம். "பாலம் முழுவதும் அழிந்தது என்று பலர் கருதினாலும் அது உண்மையன்று" என்ற வாக்கியத்தில் முன்பாதியோடு கண்ணை எடுத்தவர் நேர்மாறான விடையை எழுதிவிடுவார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலுள்ள மாணவருக்கு இவற்றை இப்போது கொடுக்காதீர்கள். அவருக்கு வாய்விட்டு வாசிக்கும் பயிற்சிதான் தேவை. நேரக் கணக்கையும் தொடக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். கண் ஓரிடத்தில் நின்று ஒரு சொல்லைப் பார்க்க ஏறத்தாழ கால் வினாடி எடுத்துக்கொள்கிறது, ஒரு நிறுத்தத்தில் தெளிவாகத் தெரிபவை சில எழுத்துகளே; எனவே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்களைப் புரிந்தும் படிக்கலாம் என்னும் விளம்பரங்களை நம்பி மாணவர்களை விரட்டுவதில் பயனில்லை. 'ஏன்', 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று கேட்கும் வினாக்களுக்கு உரிய பத்தியைக் கண்டுபிடித்த பின், அதை முழுமையாகப் படித்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படித்துப் பார்க்க முதலில் 10 நிமிடங்கள் தரப்படுகின்றன. அப்போது விடை எழுத முடியாது. அந்த நேரத்தில் பெரும்பாலோர் தெரிந்த வினாக்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். பத்தியின் கீழுள்ள வினாக்களை முதலில் படித்து, ஒவ்வொன்றுக்கும் விடை எண்ணா, பெயரா, காரணமா என்று மனத்தில் குறித்துக்கொண்டு, அதன் பின் பத்தியை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்து வைக்கும்படி உங்கள் மாணவர்களைத் திருப்புதல் தேர்விலிருந்தே பழக்குங்கள்.