பழனிச்சாமி எப்படி ராஜேந்திரன் ஆனான்?

(கொடைக்கானல் மலையில் இருக்கிற பண்ணைக்காட்டில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசைப் பெரியவர்களில் பழனிச்சாமி யார் யார் என்று கேட்டால் நாலு கையாவது உயரும். பின்னால் நிற்கிற பிள்ளைகளிடம் கேட்டால் ஒன்றுகூட உயராது. நடுவில் என்ன நடந்தது?

அந்தக் காலத்தில் பேர் வைப்பது மண்டையை உடைத்துக்கொள்கிற வேலை இல்லை. தலைச்சன் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர். அடுத்தவனுக்குச் சாமி பேர். மலைக்குக் கீழே பழனி இருப்பதால் பழனிச்சாமி, தண்டபாணி. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் இருப்பதால் குழந்தைவேலு. எழுபது வயதிலும் குழந்தைதான்! பிறந்த பிள்ளைகள் தக்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்பார்கள், இல்லாவிட்டால் பிச்சை. எமனுக்கே வேண்டாத பேராக இருக்கட்டும் என்று. ஊசி மருந்து வந்து பிள்ளைகள் தக்க ஆரம்பித்ததும் அந்தப் பேர்களுக்கு வேலையில்லாமல் போனது என்பது என் எண்ணம்.

அப்புறம் கீழேயிருந்து அரசியல் ஏறி வந்தது. முதலில் காந்தி, போஸ், ஜவஹர். 1949-இல் தி.மு.க. தொடங்கியபோது முன்னால் நின்ற நெடுஞ்செழியன் பிறப்பில் நாராயணசாமி; அன்பழகன் பிறப்பில் ராமையா. தலைவர்களே பேரை மாற்றிக்கொண்டால் தொண்டன் சும்மா இருப்பானா? இளங்கோவும் தமிழ்ச்செல்வனும் தொட்டிலில் கிடந்தார்கள். 1952-இல் வந்த பராசக்தியில் அண்ணன் தம்பி மூன்று பேருமே சேகரன்கள்: சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன். படம் பார்த்துவிட்டு மலையேறியவர்கள் ஒரு சேகரையும் கூடவே கூட்டிவந்தார்கள்.

கட்சி, சினிமா எல்லாம் சரி. வீட்டுக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது, அதை யாரும் பேசுவதில்லை. மருமகள் மாமனார் பேரைச் சொல்லக்கூடாது. பெற்ற மகனுக்கோ அதே பேர்!

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மாதான் கூட்டிப்போனாள். அப்பாவுக்குக் காபிப் பழம் பறிக்கிற வேலை. வாத்தியார் பதிவேட்டைத் திறந்து, "பையன் பேர் என்னம்மா?" என்றார். அம்மா முந்தானை நுனியை முறுக்கினாள். வடக்கே கையைக் காட்டி, "அந்தா, மொட்டை போடப் போவோமே, அந்தச் சாமிங்க" என்றாள்.

"முருகனா?"

"இல்லீங்க."

"வேலுச்சாமியா?"

"பாதி சரிங்க."

பின்னால் வரிசை நின்றது. வாத்தியார் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுக்கொண்டே, "மாமனார் பேரா?" என்றார். அம்மா தலையாட்டினாள். "சரி, ராஜேந்திரன்னு எழுதிக்கிறேன். அதையாவது சொல்லுவியா?"

அதுவரை நான் அவளுக்கு "ஏய் தம்பி"தான். திரும்பி வரும் வழியில், பின்னாலிருந்து "ராஜேந்திரா" என்றாள். நின்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பத்தடி போனதும் மறுபடி "ராஜேந்திரா". வீடு வந்து சேரும்வரை அப்படியே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.