துறுதுறு பிள்ளையும் மாத்திரைச் சீட்டும்

(செங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலை நாள் என்றும் பாராமல் வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, ஆரியங்காவு தாண்டி வந்து எனக்குப் பொன்னாடை போர்த்திய மலையாள நண்பர் அவர்களே, இடமும் ஒலிபெருக்கியும் தந்த நூலகர் அவர்களே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்னால் போய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். விடுபட்ட பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஓரிடத்தில் நில்லாத, சொல் கேளாத சிறு பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாமா? யாருக்கு, எப்போது, எத்தனை காலம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன். அதற்கு முன் என் பழைய பல்லவி: பதறாத காரியம் சிதறாது.

எங்கள் தெருவில் ஒரு முதல் வகுப்புப் பையன். பெஞ்சில் உட்கார மாட்டான். ஆசிரியை கேட்டால் பதில் வராது. பக்கத்துப் பையனின் பென்சில்தான் பறக்கும். பாட்டி அச்சன்கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா பிரம்பு வாங்கினார். 1956 நவம்பர் 1-இல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டாலும் சம்பந்தம் இன்னும் கேரளப் பக்கம்தானே? புனலூர்த் தாய்மாமனுக்குச் செய்தி போயிற்று. மனிதர் அடுத்த ரயிலைப் பிடித்து, பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து வந்து இறங்கினார். கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம். அதற்குள் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை!

"என் மகனுக்கு டாக்டர் எழுதியது, அத்தை. பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டான். இவனுக்கும் அரை மாத்திரை கொடுங்கள்."

பாட்டி அட்டையை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கினாள். "வறுவலை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள், தம்பி."

மறுவாரம் குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் முதலில் பார்த்தது காதை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் பையனுக்குப் பாதிப் பேச்சு விளங்கவில்லை. காதுக்கு வைத்தியம் நடந்தது, முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள், பென்சிலும் பறப்பதை நிறுத்தியது.

மருந்தே ஆகாது என்று யாரும் கைதட்ட வேண்டாம். புனலூர்ப் பையனுக்கு அந்த மாத்திரை சரியானதுதான். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பாடு, ஆறு மாதத்துக்கும் மேலாக. வண்டி வருவதைப் பாராமல் சாலையில் ஓடுவான். கவனமும் நிலைக்காமல் உடம்பும் அடங்காமல் இருக்கும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ADHD) என்று தீர்மானித்தபின் மருத்துவர் எழுதியது மெதில்பெனிடேட். பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும் மருந்து அது. எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பொட்டலத்தில் வைத்து ரயிலேற்றுகிற பண்டமா?

எப்போது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நான்கு ஐந்து வயதில் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. அதன் பிறகும் தொல்லை கடுமையாக நீடித்தால் மருந்தை யோசிக்கலாம். ஆறு வயதானபின் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து. பயிற்சி என்றால் பெரிய வித்தை இல்லை. "சட்டையைப் போடு, சாப்பிடு, பையை எடு" என்று ஒரே மூச்சில் அடுக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லி, செய்தவுடன் பாராட்ட வேண்டும். பதறாத காரியம் சிதறாது. ஊர் என்ன சொல்லுமோ என்று, தேவைப்படும் பிள்ளைக்கு மருந்தை மறுப்பதும் பதற்றம்தான்.

கல்வி அலுவலர் இருக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பீரியடில் கணக்கு நடத்துகிறார்கள். நாங்கள் பம்பரம் விட்ட பொட்டலெல்லாம் இன்று மனைக்கல். பெரிய மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. அந்தப் பங்கு எங்கே என்றால் முள்வேலியைக் காட்டுகிறார்கள். ஓட்டம் இந்தக் கோளாறைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. ஓட இடம் கொடுக்காமல் வளர்த்துவிட்டு, அடங்காதவன் என்று டாக்டரிடம் இழுத்துப் போகாதீர்கள் என்கிறேன்.

மூன்றாவது செய்தி பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எத்தனை காலம் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மைதானம் கேட்கும் மனு நூலகர் மேசையில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் வார்டு எண்ணையும் எழுதுங்கள்.