தேயாத வார்ப்புக்கு எந்தப் பொடி?

நேயர்களுக்கு வணக்கம். மணல் கலந்த தண்ணீர் இறைக்கும் பம்புக்கு எபாக்ஸி ரெசினில், அதாவது ஹார்ட்னர் கலந்தால் இறுகும் பிசினில், இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) வார்க்கிறார் ஒரு பட்டறைக்காரர். கொஞ்ச நாளிலேயே விளிம்பெல்லாம் அரித்துப்போகிறது. "ரெசினில் ஏதாவது கடினமான பொடியைக் கலந்தால் தாங்குமே" என்று யோசிக்கிறார். யோசனை சரி. என்ன பொடி, யாரிடம் வாங்குவது?

எது எதைக் கீறும் என்று பார்த்துக் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்வது மோஸ் அளவுகோல். அதில் மணலுக்கு, அதாவது குவார்ட்ஸுக்கு, கடினத்தன்மை 7. கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. கண்ணாடித் தூளைக் கலந்துவிட்டு மணலோடு மோதவிட்டால் மணல்தான் ஜெயிக்கும். அலுமினியம் ஆக்சைடான அலுமினா 9. பட்டறைகளில் கார்போரண்டம் என்று சொல்கிறோமே, அந்த சிலிக்கன் கார்பைடு 9-க்கும் மேலே. போரான் கார்பைடு இன்னும் கடினம்தான். விலையைக் கேட்டதும் ஆசை விட்டுப்போகும். மணலை எதிர்க்க அலுமினாவே போதும்.

இதைத் தேடி லேப் கெமிக்கல் கடைக்குப் போகாதீர்கள். அங்கே சின்ன டப்பாவில், யானை விலையில் தருவார்கள். அதே சரக்குதான் சாணைக்கல்லும் உப்புத்தாளும் செய்கிறவர்களுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் பொடியை அடித்துத் துருவும் பெயின்ட்டும் நீக்கும் வேலை) சாமான் விற்பவரிடமும், உலோகத்தை நைஸாகத் தேய்க்கும் லேப்பிங் பவுடர் விற்பவரிடமும் கேளுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் தொடங்கிய நிறுவனம். அலுமினா, சிலிக்கன் கார்பைடு இரண்டு பொடியும் நம் நாட்டிலேயே தயாராகின்றன. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட் என்ற தாதுவும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அதன் கடினம் ஏழு, ஏழரைதான். மணலும் அதுவும் பங்காளிகள். இந்த வேலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஒருமுறை பிளாஸ்டிங் செய்து கூட்டி அள்ளிய பொடியையும் வாங்கவேண்டாம். துருவும் பெயின்ட் தூசும் சேர்ந்தே வரும்.

வாங்கும்போது கிரிட் எண்ணை, அதாவது துகளின் அளவைக் குறிக்கும் எண்ணை, சொல்லி வாங்கவேண்டும். எண் ஏற ஏறப் பொடி நைஸாகும். எஃப் 220 என்றால் சுமார் 60 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), எஃப் 400 என்றால் 17, எஃப் 1200 என்றால் 3. நைஸாக இருந்தால் நன்றாகக் கலக்கும் என்று பலர் 1200-ஐ வாங்கிவிடுகிறார்கள். மோதுகிற மணல் அதைவிடப் பல மடங்கு பெரியது. சுற்றியிருக்கும் ரெசினோடு சேர்த்துத் துகளையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். பெரிய துகள் ஆழமாகப் பதிந்து நிற்கும்.

பெரிய துகளுக்கு வேறொரு தொல்லை, பாயசத்து ஜவ்வரிசி மாதிரி அடியில் தங்கிவிடும். ரெசினின் அடர்த்தி ஏறக்குறைய 1.2, சிலிக்கன் கார்பைடு 3.2. துகளின் விட்டம் இரட்டித்தால் இறங்கும் வேகம் நான்கு மடங்கு. அதனால் பெரியதோடு நைஸையும் கலந்து ரெசினைக் கொஞ்சம் கெட்டியாக்குவார்கள். தேய்மானத்தைத் தாங்க உள்பக்கம் பொருத்தும் தட்டையான லைனர் தகடு என்றால் இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். தேயப்போகும் முகத்தை அச்சின் அடிப்பக்கம் வைத்து ஊற்றுங்கள்; பொடி வேண்டிய இடத்திலேயே போய்ச் சேரும்.

மூட்டை வந்ததும் ஒரு பிடி பொடியைக் காகிதத்தில் பரப்பி, காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே ஓட்டிப் பாருங்கள். கவரில் மீசை மாதிரி ஒட்டினால் அரைத்த ஆலையின் இரும்பு கலந்திருக்கிறது. தண்ணீரில் ஓடும் பாகத்தில் அது துருப்பிடிக்கும். எபாக்ஸிக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற ரெசினில் கலப்பதாக இருந்தால் பொடியை அடுப்பில் நன்றாக உலர்த்தியே ஆகவேண்டும். துளி ஈரம் இருந்தாலும் ஹார்ட்னரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, வார்ப்பு முழுக்கக் கொப்புளம்.

ஷாஃப்ட் (சுழலும் தண்டு) உள்ளே சுற்றுகிற புஷ்ஷுக்கு, அதாவது அதைத் தாங்கும் வளையத்துக்கு, மட்டும் இந்தக் கடினப் பொடிப் பக்கமே வராதீர்கள். புஷ் தேயாது, ஷாஃப்ட் தேயும். அங்கே கிராஃபைட், டெஃப்லான் மாதிரி வழுக்கும் பொடிதான் வேண்டும்.

மலிவு என்று குவார்ட்ஸ் மாவைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தூசு நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். போன நுரையீரல் திரும்பாது. எந்தப் பொடியானாலும் கலக்கும்போது முகத்தில் நல்ல மாஸ்க் இருக்கட்டும், கைக்குட்டை போதாது. வார்த்த பிறகு துளை போடலாம் என்றும் விட்டுவைக்காதீர்கள். சாதாரண டிரில் பிட் சில நொடியில் மொட்டையாகிவிடும். மரை வேண்டிய இடத்தில் பித்தளை இன்சர்ட்டை (உள்ளே மரை உள்ள பித்தளைத் துண்டு) அச்சிலேயே வைத்து ஊற்றிவிடுங்கள். வணக்கம்.