11 வயதில் எழுதிய பரீட்சை, 77 வயதில் மறுபடியும்! உங்கள் ஆயுளைத் தீர்மானிப்பது ஜீனா, வீடா?

[திரையில்: பழைய அரங்கம், வரிசையாக மேசைகள்]

வணக்கம் மக்களே! 1998 ஜூன் 1. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம், மியூசிக் ஹால். உள்ளே 73 பேர் பரீட்சை எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் தாத்தா பாட்டிகள், வயது எழுபத்தேழை ஒட்டி. நேரம் 45 நிமிடம். இதே வினாத்தாளை இவர்கள் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறார்கள். எப்போது தெரியுமா? 1932 ஜூன் 1. அதே தேதி, சரியாக 66 வருஷம் முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகளாக!

அந்தச் சின்ன வயது மதிப்பெண்ணுக்கும், யார் எத்தனை காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது ஜீனால் வந்ததா, வளர்ந்த வீட்டால் வந்ததா? கடைசி வரை பாருங்கள், ஏனென்றால் ஜீன் பற்றிய பகுதியில் எனக்கே தூக்கிவாரிப்போட்ட ஒரு விஷயம் இருக்கிறது.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1921-ல் பிறந்து, அன்றைக்குப் பள்ளிக்கு வந்திருந்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே தேர்வு. மொத்தம் 87,498 பேர். 1936-ல் பிறந்தவர்களுக்கு 1947-ல் இன்னொரு முறை. அப்புறம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மறந்தே போனார்கள்.

1997-ல்தான் லாரன்ஸ் வாலி, இயன் டியரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடின்பரோவில் அந்தப் பதிவேடுகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கையால் எழுதிய பேரேடுகள். பிள்ளையின் பெயர், எதிரே மதிப்பெண். ஒரு நாட்டின் ஒரு தலைமுறையே அந்தப் பக்கங்களில் இருக்கிறது! அதைக் குப்பையில் போடாமல் காப்பாற்றி வைத்த முகம் தெரியாத ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு.

தேர்வில் என்ன கேட்டார்கள்? எதிர்ச்சொல், கணக்கு, பழமொழிக்கு அர்த்தம், கலைந்து கிடக்கும் வாக்கியத்தைச் சரிசெய்வது, ரகசியக் குறியீட்டை உடைப்பது. திரும்ப எழுதியவர்கள், சிறுவயதில் எடுத்ததைவிடச் சராசரியாக அதிக மதிப்பெண் எடுத்தார்கள். எழுபத்தேழு வயதில்! "வயசானா மூளை மழுங்கிடும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த வீடியோவை அனுப்பிவையுங்கள். அதோடு, அன்றைக்கு முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் இன்றைக்கும் முன்னால்தான் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உயிரோடும் தெம்போடும் இருந்தவர்கள்தானே அரங்கத்துக்கு வர முடியும்?

வராதவர்களுக்கு என்ன ஆயிற்று? அபர்தீனில் 1932-ல் தேர்வு எழுதிய 2,792 பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தேடினார்கள். 2,230 பேரைப் பற்றித் தகவல் கிடைத்தது. அந்த மதிப்பெண்ணை ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவாக மாற்றினால், இரண்டு பேரில் ஒருவருக்கு 15 ஐக்யூ புள்ளி குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 76 வயதுவரை உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவருக்கு 100 என்றால், இவருக்கு 79 தான். ஒரே இடத்தில் மட்டும் இது தலைகீழ். இரண்டாம் உலகப்போரில் செத்துப்போன ஆண்கள், மற்ற ஆண்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தவர்கள். இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்தப் புத்திசாலித்தனமும் குண்டைத் தடுக்காது.

[திரையில்: கிளாஸ்கோ வரைபடம்]

சரி, வீட்டுக்கு வருவோம். 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஒன்று சொன்ன கணக்கு இது. கிளாஸ்கோவின் கால்ட்டன் பகுதியில் பிறக்கும் ஆண் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 54. சில கிலோமீட்டர் தள்ளி, லென்ஸியில் பிறந்தால் 82. மழையும் குளிரும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இந்த 28 வருஷத்தை எந்த ஜீன் கொண்டுவந்து போட்டது?

மதிப்பெண் கதையிலும் இதே கைவரிசை உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வில், 15 புள்ளி குறைந்தால் மரண வாய்ப்பு 17 சதவீதம் கூடியது. செய்த வேலையையும் வாழ்ந்த பகுதியின் வறுமையையும் கணக்கில் சேர்த்ததும் அது 12 ஆக இறங்கியது. கந்துவட்டி மாதிரிதான் இது. சின்ன வயதுக் குறை சின்னதாகவே நிற்பதில்லை. படிப்பு பாதியில் நிற்கும், அதனால் உடம்பை உருக்கும் வேலை, அதனால் நெரிசலான வீடு, நெஞ்சு வலித்தாலும் லீவு போட முடியாத நிலைமை. அறுபது வயதில் உடம்பு கட்டுவது முதல் அல்ல, வட்டி.

இப்போது ஜீன். எல்லோரிடமும் ஏபிஓஇ என்று ஒரு மரபணு உண்டு. அதில் 4 என்ற வகை இருந்தால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. 1932-ல் தேர்வு எழுதியவர்களில் சிலருக்கு எண்பது வயதை ஒட்டி ரத்தம் எடுத்து இதைப் பார்த்தார்கள். 11 வயது மதிப்பெண்ணில் அந்த வகை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை! எண்பதில்தான் தெரிந்தது, உள்ளவர்கள் பின்தங்கியிருந்தார்கள். பிறக்கும்போதே கூட வந்த ஜீன், பள்ளிக்கூடத்தில் அடையாளமே காட்டாமல் இருந்துவிட்டு, முதுமையில் வேலையைக் காட்டுகிறது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன், தூக்கிவாரிப்போட்டது என்று.

"அப்போ எல்லாம் தலையெழுத்தா?" இல்லவே இல்லை. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவில், ஆயுள் வித்தியாசத்தில் ஜீனின் பங்கு கிட்டத்தட்ட கால்வாசிதான். மறதி நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது கேளாமை, தனிமை எல்லாம் அதில் உண்டு. சின்ன வயதில் போதிய படிப்பு கிடைக்காததும் உண்டு! அதனால் என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: ஆயிரக்கணக்கில் செலவழித்து ஜீன் டெஸ்ட் பேக்கேஜ் வாங்கும் முன், அப்பா அம்மாவுக்கு பிபி பாருங்கள், காதைப் பரிசோதியுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று நினைத்தால், மைசூருக்கு வாருங்கள். அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை 1934 முதலே குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்து வைத்திருந்தது. அப்படிப் பிறந்து வளர்ந்த 517 பேரைப் பின்னாளில் பரிசோதித்தார்கள். இரண்டரைக் கிலோவோ அதற்குக் கீழோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய். 3.1 கிலோவோ அதற்கு மேலோ பிறந்தவர்களில் 3 சதவீதம். 45 வயதைத் தாண்டியவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தாய் மெலிந்திருந்தாலும் பிள்ளைக்கு ஆபத்து கூடியது. கர்ப்பிணியின் தட்டில் விழும் ஒரு முட்டைக்கு எவ்வளவு நீண்ட கை, பாருங்கள்!

உங்கள் வீட்டில் 75 தாண்டியவர்கள் இருந்தால், 11 வயதில் எந்த ஊரில் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடம் போனார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்டதை கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.