தவளை முட்டையில எது தோல், எது மூளை

வணக்கம். மழை விட்ட மறுநாள் காலையில நம்ம தருமபுரி பக்கத்து ஏரிங்கள்ல தவளை முட்டை கொழகொழன்னு மிதக்கிறத பாத்திருப்பீங்க. ஒவ்வொண்ணும் மொதல்ல ஒரே ஒரு செல், அது பிரிஞ்சு பிரிஞ்சு ஆயிரக்கணக்கா ஆகுது, எல்லாத்துலயும் இருக்கிறது ஒரே டிஎன்ஏதான், அப்புறம் எப்படி ஒண்ணு தோலாகுது, கொஞ்சம் தள்ளி இருக்கிறது மூளையாகுது?

செல்லோட மேல்சவ்வுல ரிசெப்டர்னு ஒண்ணு நிக்குது, வாசல் காலிங் பெல் மாதிரி. பிஎம்பிங்கிற புரோட்டீன் வந்து அதுல ஒட்டுனா, ரிசெப்டரோட உள்பக்கம் ஸ்மாட்ங்கிற இன்னொரு புரோட்டீன் மேல பாஸ்பேட்டை ஏத்தி அனுப்பும், அது நியூக்ளியஸுக்குள்ள போயி தோலுக்கான ஜீன்களை ஆன் பண்ணிடும்.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே. 1990கள்ல ஹார்வர்டுல ஹெம்மாத்தி பிரிவன்லூ, மெல்டன்னு ரெண்டு விஞ்ஞானிங்க உள்பக்கம் இல்லாத மொட்டை ரிசெப்டரை ஆப்பிரிக்கத் தவளைக் கருவுல செய்ய வச்சாங்க. சிக்னல் வரும், ஒட்டும், ஆனா உள்ள எதுவும் போகாது. தோலாக வேண்டிய செல்லுங்க நரம்பு செல்லா மாறிடுச்சு! அதாவது யாரும் எதுவும் சொல்லலன்னா அந்த செல்லு தானா மூளைப் பக்கம்தான் போகும், தோலாகத்தான் ஆர்டர் வேணும். இதை மொதல்ல கேட்டப்போ நான் அப்படியே ஆடிப்போயிட்டேன், இன்னிக்கும் அந்த ஆச்சரியம் குறையல.

1920கள்லயே ஜெர்மனியில ஹில்டே மாங்கோல்டும் ஸ்பீமானும், தவளைக்கு உறவான நியூட்ங்கிற வாலுள்ள உயிரியோட கருவுல முதுகுப் பக்கத்து சின்னத் துண்டை எடுத்து இன்னொரு கருவோட வயித்துப் பக்கம் வச்சாங்க, அங்க ரெண்டாவதா ஒரு முதுகும் நரம்புக் குழாயும் வந்துச்சு. அந்தத் துண்டுல இருந்து வர்ற கார்டின், நாகின் மாதிரி புரோட்டீனுங்க பிஎம்பியை வழியிலேயே புடிச்சுக்குதுன்னு 90கள்லதான் புரிஞ்சுச்சு. துண்டை மாத்தி வச்ச அந்த சோதனையைப் பத்தின கட்டுரை வந்த 1924லயே, 25 வயசுலயே, ஹில்டே ஒரு தீ விபத்துல இறந்துட்டாங்க. 1935ல நோபல் ஸ்பீமானுக்கு வந்துச்சு, அந்த அம்மா பேரையும் நாம சேத்தே சொல்லணும்.

இதே ரிசெப்டர் குடும்பம் நமக்கும் இருக்கு. அதுல ஏசிவிஆர்1ங்கிற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறுனா தசை எலும்பா மாறுற நோய் வருதுன்னு 2006ல கண்டுபிடிச்சாங்க. ரொம்ப அபூர்வம்தான், ஆனா பொறக்கும்போதே ரெண்டு கால் கட்டைவிரலும் குட்டையா வளைஞ்சிருந்து, பின்னாடி முதுகுலயோ கழுத்துலயோ கட்டி வீங்குனா, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி இந்த நோயா இருக்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, ஏன்னா இந்த நோய் இருந்தா வெட்டுன இடத்துலயே புதுசா எலும்பு வளரும்.